நங்கூரச் சங்கிலியில் நீள அளவீடு: ‘ஷாக்கிள்’ என்னும் அலகின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நங்கூரமிட்ட கப்பல் எவ்வளவு சங்கிலியை வெளிவிட்டுள்ளது என்பதைக் கணக்கிடும் முறை, 19ஆம் நூற்றாண்டில் சணல் வடத்தின் இடத்தை இரும்புச் சங்கிலி பெற்றபின் உருவானது. அளப்பதற்கென அமைக்கப்படாத ஓர் இணைப்பு வளையமே பிரித்தானியக் கப்பல்களில் அளவலகாக மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நங்கூரம், சங்கிலி, ஷாக்கிள், பாகம், அளவியல் வரலாறு

முன்னுரை

அளவைகளின் வரலாறு பெரும்பாலும் அரசாணைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தொழிற்களத்தில் தோன்றிய அலகுகள் அதில் குறைவாகவே இடம்பெறுகின்றன. நங்கூரச் சங்கிலியின் அளவு அத்தகையது. பிழைத்தால் கப்பலையே இழக்கச் செய்வது. வெளிவிட்ட சங்கிலியின் ஒரு பகுதி கடலடியில் படிந்து கிடந்தால்தான் இழுவிசை கிடைமட்டமாக அமைந்து நங்கூரம் ஊன்றி நிற்கும். சங்கிலி குறைந்தால் நங்கூரம் பெயரும். மிகுந்தால் கப்பல் சுழலும் வட்டம் விரிந்து அருகிலுள்ள கப்பலில் மோத நேரும்.

வடத்திலிருந்து சங்கிலிக்கு

சணல் வடம் ஈரத்தில் மக்கும். பாறையில் உராய்ந்து அறுபடும். 1768இல் தஹித்தியில் தங்கிய பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில், 9 நாள்களில் 6 நங்கூரங்களை இழந்தார். பிரித்தானியக் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் 1808இல் இரும்புச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 1813இல் தாமஸ் பிரண்டன், கண்ணியின் நடுவே குறுக்குத்தாங்கி பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணி நசுங்காமல் காத்த இத்தாங்கி, பின்னர் அளவீட்டுக்கும் பயன்பட்டது. 1864ஆம் ஆண்டுச் சட்டம், சோதிக்கப்படாத சங்கிலிகளின் விற்பனையைத் தடைசெய்தது.

அலகின் தோற்றம்

ஆங்கிலேயரின் ‘ஃபாதம்’, விரித்த இரு கைகளின் நீளம், 6 அடி. தமிழ் மீனவர் வழங்கும் ‘பாகம்’ இதற்கு நிகரானது. கயிற்றைக் கைவிரித்து அளக்கலாம். பெருங்கப்பலின் சங்கிலியை அவ்வாறு அளத்தல் இயலாது. சங்கிலியோ துண்டு துண்டாகச் செய்யப்பட்டு ‘ஷாக்கிள்’ எனும் திறக்கத்தக்க வளையங்களால் இணைக்கப்பட்டது. பழுதான துண்டை மாற்றவும், நெருக்கடியில் சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கப்பல் தப்பவும் இவ்வளையம் உதவியது. வளையங்கள் சீரான இடைவெளியில் அமைந்தமையால் வளையத்தின் பெயரே இடைப்பட்ட நீளத்தின் பெயராயிற்று.

குறியீட்டு முறை

வளையத்தைக் கண்டால் மட்டும் போதாது. அது எத்தனையாவது வளையம் என்றும் அறிய வேண்டும். பிரித்தானிய முறையில் முதல் வளையத்தின் இருபுறமும் குறுக்குத்தாங்கியுடைய முதல் கண்ணியும், இரண்டாம் வளையத்தின் இருபுறமும் அத்தகைய இரண்டாம் கண்ணியும் வெண்ணிறம் பூசப்படும். தாங்கியில் கம்பியும் சுற்றப்படும். வண்ணம் தேய்ந்தாலும் இருள் சூழ்ந்தாலும், சங்கிலி நின்றபின் கம்பியைத் தடவியறியலாம். எழுத்தறியாத மாலுமிக்கும் எண்ணத் தெரிந்தாலே போதும்.

அமெரிக்கக் கடற்படை, சிவப்பு, வெள்ளை, நீலம் என இணைப்புகளுக்கு முறையே வண்ணமிட்டது. இறுதிக்கு முந்தைய துண்டு முழுதும் மஞ்சள்; இறுதித் துண்டு முழுதும் சிவப்பு. முன்னவை வெளிச்சென்றதைக் கூற, பின்னவை எஞ்சியுள்ளதை எச்சரிக்கின்றன.

ஒரு பெயர், இரு நீளங்கள்

பிரித்தானியக் கடற்படையின் ஷாக்கிள் 12.5 பாகம், எட்டுத் துண்டுகள் சேர்ந்து 100 பாகமுடைய ஒரு முழுச் சங்கிலி. வணிகக் கப்பல்களின் ஷாக்கிளோ 15 பாகம். ஆகவே ‘ஐந்து ஷாக்கிள்’ என்னும் ஒரே சொல் கடற்படையில் 62.5 பாகத்தையும் வணிகக் கப்பலில் 75 பாகத்தையும் குறித்தது. வேறுபாடு 12.5 பாகம், அதாவது கடற்படையின் ஒரு ஷாக்கிள். கடற்படை 1949இல் 15 பாகத்தை ஏற்றபோதே இவ்வேறுபாடு நீங்கியது. இன்று அது ஏறத்தாழ 27.5 மீட்டராக வழங்குகிறது.

முடிவுரை

உடலளவான பாகம் மறைந்துவிடவில்லை. ஷாக்கிளின் நீளத்தை வரையறுக்கும் அடிப்படையாக நின்றது. ஆயினும் கப்பல்தளத்தில் எண்ணப்பட்டது பாகம் அன்று, இணைப்பே. செய்முறைக்கும் பாதுகாப்புக்கும் எழுந்த இணைப்பு, தொழிலாளரின் கண்ணும் கையும் பழகியதால் அளவையாயிற்று. அளவியல் வரலாற்றில் சட்டநூல்களோடு தொழிற்கருவிகளையும் சான்றுகளாகக் கொள்ள வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.