டயரும் தரையும்: மோட்டார்ப் பந்தயம் கற்பிக்கும் பாடம்

திருச்சானூரில் பத்மாவதித் தாயாரின் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தைக் கண்டவர்கள் எட்டாம் நாள் தேரோட்டத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். மரத்தேர் ஓடும் ஊர்களிலெல்லாம் வடம் பிடித்து இழுப்பவர் பலர். ஆயின் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வல்லவர்கள், சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் குனிந்து நடக்கும் சிலரே. எவ்வளவு பெரிய தேராயினும், சக்கரம் மண்ணைத் தொடும் இடத்திலேதான் அதன் போக்கு தீர்மானமாகிறது. மோட்டார் வண்டிக்கும் இந்த விதி பொருந்தும். அதன் நான்கு டயர்களும் தரையைத் தொடும் பரப்பு, டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கை நிலத்தை நம்பியே நடைபெறுகின்றன.

இதனை நாம் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் ஒரு தாயின் கவலை. நம் தெருவில் வாழும் தமிழ்க் குடும்பத்து இளைஞன் ஒருவன் இரவு நேரங்களில் புறவழிச் சாலையில் வண்டியை விரைந்து ஓட்டுவதில் மோகம் கொண்டிருந்தான். "ஓட்ட வேண்டாம் என்றால் கேட்கமாட்டான், சார். முறையாக ஓட்டுவதற்கென்று இடம் இருந்தால் அதையாவது சொல்லுங்கள்" என்றார் அன்னை. மகனோ, சேமித்த பணத்தையெல்லாம் கொடுத்துப் பந்தய டயர் வாங்கலாமா என்று கேட்டான். நாம் சொற்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவர்; சக்கரத்தோடு அதிகப் பழக்கம் இல்லாதவர். ஆகவே வரலாற்றைப் புரட்டினோம். இருவருடைய கேள்விக்கும் விடை அங்கே இருந்தது.

அன்னை கேட்ட இடத்தின் பெயர் ஆட்டோகிராஸ். திறந்த வெளியில் கூம்புகளை நட்டு வளைந்து நெளிந்த பாதை ஒன்றை அமைப்பார்கள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுகின்றன. வேகம் நெடுஞ்சாலை வேகத்தை அரிதாகவே மிஞ்சும். தவறினால் பெரும்பாலும் கூம்பு சாயும், நேரத்தில் தண்டனை கூடும். அமெரிக்காவில் தார்த் தரையிலும், நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரையிலும் இது நடைபெறுகிறது. மோட்டார்ப் பந்தயத்திற்கு இது பாலபாடம் போன்றது.

இனி டயரின் கதைக்கு வருவோம். 1839இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதி பெறுவதைக் கண்டார். 1845இல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1888இல் ஜான் பாய்டு டன்லப் அதனை மீண்டும் கண்டறிந்து மிதிவண்டிக்குப் பூட்டிய பின்னரே அது பரவிற்று. 1895ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்றடைத்த டயர்களோடு மோட்டார் வண்டியை ஓட்டினர். வழிநெடுகப் பஞ்சர்; மற்றவர்களுக்கு வெகு பின்னால் வந்து சேர்ந்தனர். ஆயினும் சில ஆண்டுகளில் உலகமே அவர்கள் வழிக்குத் திரும்பிற்று. அன்றைய பந்தயத்தில் தோற்றது டயர் அன்று, அதன் குழந்தைப் பருவமே.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ரப்பர். 1960களில் முழு டயர். இன்று எம்.ஆர்.எஃப். எனப்படும் நிறுவனம் அதுவே. அதே காலத்தில், 1953இல், சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றிற்று. உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் சோழவரத்தில் சும்மா கிடந்தது. அதுவே பந்தயக் களமாயிற்று. மாளிகைச் சீமான்களின் அயல்நாட்டு வண்டிகளோடு, பட்டறைகளில் உருமாற்றிய சாதாரண வண்டிகளும் அங்கே ஓடின. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓட்டத்தடம் திறக்கப்பட்டது. 1988இல் கோவையைச் சேர்ந்த கரிவரதன், குடும்பங்கள் கடைவீதிக்குச் செல்லும் மாருதி வண்டியின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி அமைத்தார். நம்மவர் வேகம் கற்றது கையில் இருந்ததைக் கொண்டே. திருச்சானூர் அன்பர்களுக்கு இன்று டயர்த் தொழில் அண்டை வீடாகவே வந்துவிட்டது: 2020 முதல் சின்னபாண்டூரில் அப்போலோ தொழிற்சாலை இயங்குகிறது.

கோவை வளர்த்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்தது எவரும் எதிர்பாராதது. சரிந்த தளமுடைய கடைசி வளைவின் பாரத்தை மிஷ்லின் டயர்கள் தாங்கா என்பது பயிற்சியின்போதே தெரியவந்தது. தம் டயருக்குத் தாமே பொறுப்பேற்க இயலாது என்று நிறுவனத்தார் அறிவித்தனர். தொடக்கச் சுற்று முடிந்ததும் பதினான்கு வண்டிகள் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு வண்டிகளே ஓடின. நரேன் நான்காவதாக வந்து, இந்தியாவிற்கு முதல் புள்ளிகளை ஈட்டினார். காற்றடைத்த டயரை மோட்டார்ப் பந்தயத்திற்குக் கொணர்ந்த அதே நிறுவனம், 110 ஆண்டுகளுக்குப் பின் 'ஓடவேண்டாம்' என்றது. பெயரில் பெருமை இருந்தென்ன? தரைக்குப் பொருந்தாத டயர் உயிருக்கு உலை.

இப்போது இளைஞனுக்கு நாம் சொன்னதைக் கேளுங்கள். தொடக்கத்தில், வண்டியில் உள்ள நல்ல டயரே போதும். நல்ல டயர் எது? விளிம்பில் வெடிப்போ வீக்கமோ இருத்தல் ஆகாது. தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அது கழிக்க வேண்டியது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் பிறந்த தேதியைக் கூறும். 2324 என்றால், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து குறிப்பேட்டில் எழுதவேண்டும். தார்த் தரையில் ஓடுவதானால் டயரின் தோளில் சாக்கட்டியால் கோடு இட்டு ஓட்டிப் பார்க்கலாம். கோடு பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு. தோளில் கோடு அழியாமலே நின்றால் காற்று மிகை. இரண்டொரு பவுண்டு கூட்டிக் குறைத்தால் வேறுபாடு தெரியும். காற்று அளக்கும் கருவியும் சாக்கட்டியும் பந்தய டயரின் விலையில் ஒரு சிறு பங்கே.

புது டயர் பின்னர் வரட்டும். மென்மையான ரப்பர் நன்கு பற்றும், ஆனால் விரைந்து தேயும். மண்ணுக்கு அகன்ற இடைவெளியுள்ள ஆழ்ந்த தடம். தாருக்கு ரப்பர் நிறைந்த ஆழமற்ற தடம். பின்னதை மழைச்சாலையில் ஓட்டுவது ஆபத்து; நீரை ஒதுக்கும் வழி அதில் குறைவு. தொடங்குவோர்க்கு மற்றொரு தீமையும் உண்டு: அதிகம் பற்றும் டயர் ஓட்டுநரின் பிழைகளை மறைத்துவிடும். சாதாரண டயரோ சீக்கிரமே கிறீச்சிட்டு, எல்லை வந்துவிட்டதென எச்சரிக்கும். அக்குரலைக் கேட்கப் பழகுவதே முதல் பயிற்சி.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு அங்கீகரித்த போட்டிகளுக்கு உரிமம், தலைக்கவசம், வண்டிப் பரிசோதனை ஆகியவை உண்டு. கண்டிப்பாயினும் அக்கண்டிப்பே காவல்.

சேமிப்பில் ஒரு பகுதியைத் தலைக்கவசத்திற்கும் உரிமத்திற்கும் ஒதுக்குவதாகப் பையன் ஒப்புக்கொண்டான். மொழிவழி மாநில எல்லை தாண்டி வாழும் நம் வீடுகளில், விரைவை விரும்பும் பிள்ளைகள் உண்டு. அவர்களைத் தடுத்துப் பயனில்லை. சாலையிலிருந்து திடலுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது பெற்றோர் கடமை. அடுத்த தேரோட்டத்தின்போது முட்டுக்கட்டை போடுவோரை அவர்களுக்குச் சுட்டிக் காட்டுங்கள்.