சஸ்கட்டூன் நீர்த்தொட்டி

தமிழகத்து நோயாளிகள் பேச்சுவழக்கில் 'கரன்ட் வைத்தல்' என்று சொல்லும் கதிர் சிகிச்சை, 1940களின் இறுதிவரை பெரும்பாலும் 200 முதல் 400 கிலோவோல்ட் வரையிலான அழுத்தத்தில் இயங்கிய எக்ஸ்-கதிர்க் குழாய்களையே நம்பியிருந்தது. அக்கதிர்களின் உச்ச அளவு தோலிலேயே விழுந்து, ஆழம் செல்லச் செல்ல விரைவாகக் குறைந்ததால், கருப்பைவாய் போன்ற உள்ளுறுப்பின் கட்டிக்குப் போதிய அளவு சேருமுன்பே மேல்தோல் வெந்துவிடும். எந்த அளவோடு நிறுத்துவது என்பதைத் தீர்மானித்தது கட்டியன்று, தோலே.

இதற்கு மாற்று கனடாவின் சாக் ரிவர் அணு உலையிலிருந்து கிடைத்தது. சாதாரணக் கோபால்ட் வில்லைகளை உலைக்குள் வைத்தால், அவற்றின் அணுக்கள் நியூட்ரானை ஏற்றுக் கோபால்ட்-60 என்னும் கதிரியக்க வடிவாக மாறி, 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய காமாக் கதிர்களை உமிழும். இத்தகைய வலிய கதிர்கள் உடலணுக்களிலிருந்து மோதி வெளியேற்றும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் முன்னோக்கியே பாய்ந்து, சில மில்லிமீட்டர் கடந்து தம் ஆற்றலை இழப்பதால், உச்ச அளவு தோலுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கீழே விழுகிறது. அந்த அரை சென்டிமீட்டரே தோலைக் காத்தது.

ஒன்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில் 1951 அக்டோபர் 27 அன்று முதல் நோயாளிக்கு இக்கதிர் செலுத்தப்பட்டது. கனடாவின் மற்றொரு நகரான சஸ்கட்டூனில் இயற்பியலாளர் ஹெரால்ட் ஜான்ஸ் குழுவினர் கோடையிலேயே கோபால்ட்டைப் பெற்றிருந்தும் நவம்பர் 8 வரை காத்திருந்தனர். அந்தத் தாமதமே இவ்வரலாற்றின் உயர்ந்த பகுதி எனல் தகும். மனித உடலுக்குள் கருவியை நுழைத்து அளக்க இயலாது. தசையோ பெரிதும் நீரால் ஆனது. ஆகவே நீர்த்தொட்டியின் மேல் கதிரை விழச்செய்து, அயனியாக்கக் கலம் எனப்படும் சிறு அளவியைச் சிறிது சிறிதாகக் கீழிறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் எஞ்சும் அளவை, கதிர்ப்புலத்தின் அகலத்தை மாற்றி மாற்றிக் குறித்தனர். சில்வியா ஃபெடோருக் என்ற மாணவியும் பங்குகொண்ட இவ்வளவீடுகள் அட்டவணைகளாகி, பிற மருத்துவமனைகளுக்கும் வழிகாட்டின. சஸ்கட்டூனில் முதலில் சிகிச்சை பெற்ற 43 வயதுப் பெண், நான்கு பிள்ளைகளின் தாய், தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார்.

மக்கள் 'கரன்ட்' என்றாலும், கோபால்ட் கதிர் உமிழ மின்சாரம் வேண்டியதில்லை. அது இரவும் பகலும் உமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆதலால் சஸ்கட்டூன் கருவியில் அதை ஈயக் கவசத்துக்குள் ஒரு சக்கரத்தின் விளிம்பில் பதித்து, வேண்டும்போது மட்டும் திறப்புக்கு நேரே சுழற்றி நிறுத்தினர். அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், அதாவது அரைவாழ்வுக் காலம், 5.27 ஆண்டுகள், எனவே மாதந்தோறும் வலிமை ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும். 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பெற்ற சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அப்பத்தாண்டுக்குள் கனடாவின் கோபால்ட் கருவி வந்து சேர்ந்தது. இத்தகைய கருவி இயங்கும் இடங்களில், நோயாளி கதிரின் கீழ் கிடக்க வேண்டிய நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு நீட்டுவது இயற்பியலாளரின் நீங்காக் கடமை. புதுக் கோபால்ட்டில் ஐந்து நிமிடத்தில் முடிந்த சிகிச்சைக்கு, அரைவாழ்வுக் காலம் கழிந்தபின் பத்து நிமிடம் ஆகும்.