ஆயுள் முழுதும் ஓடுவோர்

பந்தயத்தில் பரிசு பெறுவதற்காகவோ பட்டாளத்தில் சேருவதற்காகவோ அன்றி, குடும்பமும் உத்தியோகமும் உடைய ஒருவர் விடியற்காலையில் எழுந்து, தம் இஷ்டப்படி நாலைந்து மைல் ஓடிவிட்டு வந்து அன்றாட அலுவலைக் கவனிப்பது இன்று உலகின் பெருநகரங்களில் எல்லாம் சகஜமான காட்சி. ஆனால் இவ்வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 1960-களின் அமெரிக்காவில்கூட, நடுவயதுக்காரர் ஒருவர் தெருவில் ஓடினால், காவலர்கள் சந்தேகித்து வழிமறித்து விசாரித்ததுண்டு. நாற்பதைக் கடந்தவரின் இருதயம் ஓட்டத்தைத் தாங்காது என்று வைத்தியர்கள் பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணம் மாறிய விருத்தாந்தத்தை ஆராய்ந்தால், அதன் மூலத்தில் ஒரு தனி மனிதரின் சொந்தக் கவலை இருப்பதைக் காண்கிறோம்.

அவர் பெயர் ஆர்தர் லிட்யார்ட். நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாரந்தோறும் ரக்பி ஆடிவந்ததால் தம் தேகம் திடமாக இருப்பதாக நம்பியிருந்த அவர், இருபத்தேழாம் பிராயத்தில் ஒருநாள், உள்ளூர் ஓட்டச் சங்கத்தின் தலைவரும் தம்மினும் மூத்தவருமான நண்பரோடு ஐந்து மைல் ஓடப் போனார். நண்பர் சிரமமின்றி முன்னே செல்ல, இவருக்கோ மூச்சு இரைத்தது, மார்பு எரிந்தது, கால்கள் துவண்டன. இந்த வயதிலேயே இந்த நிலை என்றால் இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து என்ன கதியாவோம் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் தம் சரீரத்தையே பரிசோதனைச் சாலையாக்கி, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு ஓய்வு என்று ஓடி ஓடியே அவர் கண்டறிந்த முறைதான், 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்ஸில் அவருடைய சீடர்களான பீட்டர் ஸ்னெல்லுக்கும் மர்ரே ஹால்பர்க்குக்கும் ஒரே நாளில் தங்கப் பதக்கங்களை ஈட்டித் தந்தது. பதக்கங்களையே உலகம் பெரிதாகப் பேசிற்று. ஆயினும் முதுமையில் தளராமல் இருக்க வேண்டும் என்ற ஆசையே அம்முறையின் வித்து என்பதை மறத்தல் கூடாது.

அவ்வித்து 1962-இல் வேறு திசையிலும் முளைத்தது. தொந்தி சரிந்த வியாபாரிகளும், மாரடைப்பு கண்டு பிழைத்தவர்களும் லிட்யார்டின் யோசனைப்படி கூடி, ஆக்லாந்தில் மெல்லோட்டக்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். சற்று ஓடுவதும், இளைத்தால் நடப்பதும், மூச்சு நிலைத்ததும் மீண்டும் ஓடுவதுமாக அவர்கள் பழகினார்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் மிகுதி என்பதே அவர்களுடைய அளவுகோல். உபகரணம் எதையும் வேண்டாத இவ்வளவு எளிய அளவுகோல், தேகாப்பியாசத்தின் சரித்திரத்தில் வேறொன்று உண்டா என்று நான் வியப்பதுண்டு.

அவ்வாண்டின் இறுதியில், அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநரான பில் பௌவர்மன் தம் மாணவர்களுடன் நியூஸிலாந்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் லிட்யார்ட் அவரையும் அச்சங்கத்தாரின் ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றார். ஐம்பத்தோரு வயதான பௌவர்மன், ஓட்டக்காரர்களை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டிருந்தும், முதல் மேட்டிலேயே பின்தங்கிவிட்டார். மாரடைப்புகளைக் கண்டு மீண்ட எழுபது கடந்த முதியவர் ஒருவர், முன்னே போகக்கூடிய வலிமை இருந்தும் தம் வேகத்தைத் தணித்துக்கொண்டு, அந்நியரான விருந்தாளிக்கு வழித்துணையாகப் பேச்சுக் கொடுத்தபடியே ஓடி அவரைக் கொண்டுசேர்த்தார். ஊர் திரும்பிய பௌவர்மன் யூஜீன் நகர மக்களை மைதானத்துக்கு அழைத்தார். பின்னர் இருதய வைத்தியர் ஹாரிஸோடு சேர்ந்து 1967-இல் மெல்லோட்டம் பற்றி அவர் வெளியிட்ட நூல் லட்சக்கணக்கில் விற்றது.

இவ்வாறு ஆரோக்கியத்தின் பெயரால் பரவிய வழக்கத்துக்கு 1984-இல் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. ஓட்டத்தைப் பற்றி 1977-இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஜிம் ஃபிக்ஸ், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், வெர்மான்ட் மாகாணத்தில், ஓட்டத்தின்போதே மாரடைப்பால் காலமானார். அவர் தந்தையும் இருதய நோயால் நாற்பத்து மூன்றிலேயே இறந்தவர் என்பதையும், ஃபிக்ஸ் முன்னாளில் பெரும் புகைபிடிப்பவர் என்பதையும் சீர்தூக்காமல், ஓட்டமே கொன்றது என்று பலர் பேசினர். ஆனாலும் ஓடுவோர் ஓட்டத்தை விடவில்லை. ஆயுள் நீட்டிப்பு ஒன்றே நோக்கமாயிருந்தால் அன்றே பலர் வீட்டில் அமர்ந்திருப்பார்கள். இருதய வைத்தியராயிருந்தும், நாற்பதுகளின் நடுவில் மீண்டும் ஓடத் தொடங்கிய ஜார்ஜ் ஷீஹன், ஓட்டம் மருந்தன்று, வளர்ந்தவருக்கும் உரிமையான விளையாட்டு என்ற கருத்தையே தம் நூல்களில் வற்புறுத்தினார். புற்றுநோய் கண்ட பின்னும் ஓடினார். என் அநுபவமும் அதற்கு இசைவானதே. உடம்புக்கு நல்லது என்று தொடங்கினேன். எவரும் ஏவாத, எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத ஒரு நாழிகை நாள்தோறும் எனக்கென்று கிடைப்பதால் தொடர்கிறேன்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக நான் கருதுவது கிளாரன்ஸ் டிமாரை. பாஸ்டன் மாரத்தானில் ஏழு முறை வென்ற அவர், ஜீவனத்துக்கு அச்சுத் தொழிலையே நம்பியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்கு வேதபாடம் சொன்னவர். மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடியே செல்வதும், நாள் முழுதும் வேலை பார்த்துவிட்டு ஓடியே வீடு திரும்புவதும் அவர் வழக்கம். இருதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது, ஓட்டத்தை விட்டுவிடும் என்று வைத்தியர் எச்சரித்த பின்னரே, 1911-இல் அவர் தம் முதல் வெற்றியைப் பெற்றார். கடைசி வெற்றி 1930-இல், நாற்பத்தோராம் வயதில். வெற்றிகள் நின்றபின் அவர் நிற்கவில்லை என்பதே நமக்கு முக்கியம்: 1954-இல், அறுபத்தைந்து வயதிலும், வெல்லும் எண்ணம் சிறிதும் இன்றி அதே பாஸ்டன் பாதையில் ஓடினார். 1958-இல் புற்றுநோயால் இறந்தபின் அவர் சடலத்தைப் பரிசோதித்தவர்கள், இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் சாதாரண அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரிந்திருந்ததாக 1961-இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் எழுதினர்.

நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வைத்தியரிடம் உடம்பைக் காட்டிவிட்டு, பேச்சுத்துணைக்கு ஒரு நண்பரையும் அழைத்துக்கொண்டு, நாளைக் காலையிலேயே தொடங்குங்கள், மூச்சு வாங்கினால் தயங்காமல் நடவுங்கள்.