மார்கழி நோன்பும் சயாம் நாட்டு ஊசலும்

மார்கழி வைகறையில் திருக்கழுக்குன்றத்து மலையடியில் நிற்பார்க்குக் குளிர்காற்றோடு திருவெம்பாவையும் வந்து செவியில் விழும். மணிவாசகப் பெருமானுக்கு இறைவன் காட்சி தந்தருளிய தலம் அது. ஆதலின் செங்கற்பட்டுச் சீமையில் உள்ள நாம் இப்பாடலை வீட்டுச் சொத்தாகவே எண்ணுகிறோம். பெருமான் இதனை அருளியது திருவண்ணாமலையில் என்பது மரபு.

இருபது பாடல்களாலான இந்நூலை நாம் கைகூப்பிக் கேட்கிறோம், தக்கதே. ஆயினும் அதனுள்ளே நிகழ்வது யாது? உறங்கும் தோழியின் வாயிலில் பெண்கள் கூடி நின்று, அவள் நேற்றுப் பேசிய வாய்வீச்சைச் சொல்லி எள்ளுகிறார்கள். பின்னர்ப் பொய்கையில் குடைந்து நீராடுகிறார்கள். நோன்பு இங்கே விளையாட்டாகவே நடக்கிறது. வாயிற்கோலத்தில் சாணவுருண்டை வைத்து அதில் பூசணிப்பூச் செருகுவதும், திருவாதிரையன்று களியும் ஏழுகறிக் குழம்பும் ஆக்கி உண்பதும் அக்குதூகலத்தின் கிளைகளே. சேந்தனார் இட்ட களியைத் தில்லைக்கூத்தன் விரும்பி உண்டான் என்ற வரலாற்றிலும் அடியார் உள்ளத்து நகை ஒன்று ஒளிந்துள்ளது.

இவ்விளையாட்டு கடல் கடந்தும் சென்றது. மாமல்லைக் கடற்கரையை ஆண்ட பல்லவர் காலத்திலேயே தமிழ் வணிகர் கீழ்க்கடலைக் கடந்து சென்றனர். சயாமின் மேலைக்கரையில் உள்ள தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, நந்திவர்மன் காலத்ததாகக் கருதப்படுவது, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. அதில் திருவெம்பாவை இல்லை. அப்பாடல் எவ்வழியே, எந்நாளில் அங்குப் புகுந்தது என்று இதைக்கொண்டு கூறிவிடலாகாது. வழி திறந்திருந்தது என்பது மட்டுமே உறுதி.

சயாம் அரண்மனைப் பார்ப்பனர் டிசம்பர், ஜனவரித் திங்கள்களை ஒட்டி நடத்தும் விழாவிற்குத் திரியம்பாவாய் என்பது பெயர். திருமாலுக்குரிய பகுதி திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும் அயல்நாவில் இவ்வாறு திரிந்தன! அந்நாட்களில் சிவபெருமான் நிலவுலகிற்கு வந்து பத்துநாள் தங்குகின்றார் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஆலயங்களில் திருவாதிரையோடு முடியும் பத்துநாள் திருவெம்பாவை விழாவை இங்கே நினைக்காதிருக்க இயலவில்லை.

அவ்விழாவின் ஊசலே பெரிய வேடிக்கை. பாங்காக்கில் 1784இல் நாட்டிய உயர்ந்த செந்நிறத் தூண்களிடையே பலகை தொங்கும். அதில் நிற்போர் வீசியாடி, எதிரே மூங்கிற் கழியின் உச்சியில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வ வேண்டும். அதிகாரி ஒருவர் சிவனது இடத்தில் இருப்பார். வலக்காலை இடமுழந்தாளின்மேல் வைத்து, ஆட்டம் முடியும்வரை நிலத்தில் ஊன்றாதிருத்தல் வேண்டும். தூக்கிய திருவடியை நாள்தோறும் கண்டு பழகிய நமக்கு இக்காட்சி சிரிப்பையும் சிலிர்ப்பையும் ஒருங்கே தருகிறது. ஆடியோர் தவறி விழுந்து மாண்டதும் உண்டு. 1930களில் அவ்வூசல் நின்றது. பழைய தூண்கள் தளர, புதிய தேக்கு மரங்களால் 2007இல் மீண்டும் எழுப்பினர். இன்று அதில் ஆடுவார் இல்லை.

ஆயினும் அருகிலுள்ள தேவஸ்தானத்தில் வழிபாடு நிற்கவில்லை. அப்பார்ப்பனர் ஓதும் சுவடிகளில் தமிழ்ப்பாடல்கள் கிரந்தத்தின் வழிவந்த எழுத்தில் உள்ளன. தலைமுறை தலைமுறையாகப் பொருள் அறியாமலே ஓதிவந்ததால் சொற்கள் சிதைந்தன. கேட்கும் தமிழர் உற்றுக் கேட்டாலன்றித் தம் பாட்டென உணரார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1972இல் அப்பாடங்களை நூலாக வெளியிட்டது.

அவர்களைக் குறைகூறும் உரிமை நமக்கு உண்டோ? அவர்களுக்கு மொழி தெரியாது, நமக்கோ தெரியும். எனினும் ஒலிபெருக்கி பாட, கோயிலில் ஒருவர் மட்டும் விழித்திருக்கும் தெருக்களை இப்பகுதியில் நாம் கண்டிருக்கிறோம். பாட்டில் வரும் பெண்கள் வாயில் வாயிலாகச் சென்று பெயர் சொல்லி அழைத்தார்கள். திருக்கழுக்குன்றத்தின் மாடவீதிகளில் கோலமிடும் சிறுமியர் இன்றும் அடுத்த வீட்டுப் பூசணிப்பூவைக் கேளாமல் பறித்துவந்து, அதற்காக வசைவாங்கிச் சிரிக்கிறார்கள். திருவெம்பாவைப் பெண்களை அங்கே நாம் பார்க்கிறோம்.