சட்டமன்றத்திலிருந்து நகரமன்றத்துக்கு: ரிச்சர்ட் அலட்டோரேயும் 140ஆம் முன்மொழிவும்

கலிஃபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர் லாஸ் ஏஞ்சலஸ் நகரமன்றத்துக்குப் போவதை ஆய்வாளர்களில் ஒரு சாரார் பதவிக்கால வரம்பின் பக்கவிளைவாகவே எழுதிவந்துள்ளனர். 1990 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 140ஆம் முன்மொழிவு கீழவைக்கு ஆறாண்டு, மேலவைக்கு எட்டாண்டு என எல்லை கட்டியது. வெளியேற நேர்ந்தவர்கள் போக்கிடமின்றி நகரமன்றத்தில் ஒதுங்கினர் என்பது அவர்கள் முடிபு. ஒரு மூலப் பனுவலைப் பாதி வாசித்ததால் வந்த முடிபு இது என்று கருதுகிறேன்.

அப்பனுவல், முன்மொழிவின் வழியே மாநில அரசமைப்பில் நுழைந்த நான்காம் உறுப்பின் 1.5ஆம் பிரிவு. தொழில்முறை அரசியல்வாதிகள் என்றொரு வகுப்பு உருவாகிவிட்டது, அவர்கள் மக்களை விட்டு அதிகார அமைப்பின் பிரதிநிதிகளாகிவிட்டனர் என்று அது குற்றஞ்சாட்டுகிறது. இதை மட்டும் பற்றிக்கொண்டால், உறுப்பினர்களைத் தனிவாழ்வுக்குத் திருப்புவதே பிரிவின் நோக்கம் என்றும், நகரமன்றம் புகுந்தவர்கள் அந்நோக்கத்தை ஏய்த்தவர்கள் என்றும் ஆகும். ஆனால் அவ்வகுப்பு உருவானதற்கு அப்பிரிவு காட்டும் காரணங்கள் மூன்று: வரம்பற்ற பதவிக்காலம், உறுப்பினர்கள் தமக்குத் தாமே வகுத்த ஓய்வூதியம், மாநிலச் செலவில் அமர்த்தப்படும் பணியாளர்கள். மூன்றும் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் பதவியில் இருப்பவருக்கு மட்டும் வாய்க்கும் அனுகூலங்கள். பிரிவின் இறுதியில் வரும் கட்டளையும் இம்மூன்றையே குறைக்கச் சொல்கிறது. வேறு மன்றத்துக்குப் போட்டியிடுவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குடிமக்களே பிரதிநிதிகளாக வந்துபோகும் ஆட்சி என்ற இலட்சியத்தைப் பிரிவு போற்றுவது உண்மைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், குற்றச்சாட்டில் உள்ள வேகத்தைக் கட்டளையின் எல்லையாகக் கொள்வது சட்டப் பனுவலை வாசிக்கும் முறையன்று.

பனுவலை விட்டுக் காலவரிசைக்கு வந்தால் பழைய முடிபு இன்னும் தளர்கிறது. ரிச்சர்ட் அலட்டோரே 1972இல் கீழவைக்குத் தேர்வானவர். 1975ஆம் ஆண்டின் வேளாண் தொழிலாளர் உறவுச் சட்டம் அவர் பெயரையும் தாங்கியது. 1981இல் தொகுதி மறுவரையறைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இத்தனை செல்வாக்குடன் இருந்தவர் 1985இல் நகரமன்றத்தின் 14ஆம் வட்டத்துக்குப் போனார். அன்று வரம்பு என்று எதுவும் இல்லை. யாரும் அவரை வெளியே தள்ளவில்லை.

ஏன் போனார்? நகரமன்றத்தில் இருந்தவை பதினைந்தே இடங்கள். சட்டமன்றக் கீழவையில் எண்பதில் ஒருவராக இருப்பவரின் மசோதா மேலவையையும் ஆளுநரையும் தாண்டியாக வேண்டும். நகரமன்றத்தில் எட்டு வாக்கும் மேயரின் ஒப்புதலும் கைக்கு வந்தால் காரியம் முடிந்தது. 1980 கணக்கின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். ஆக, ஒரு வட்டத்துக்குச் சுமார் இரண்டு லட்சம் பேர். தம் வட்டத்து நிலப் பயன்பாட்டில் உறுப்பினர் சொல்லே பெரும்பாலும் செல்லும். இதற்கும் மேலாக, 1982இன் வட்ட வரைபடம் லத்தீனோ வாக்காளர்களைச் சிதறடித்தது என்று 1985இல் கூட்டாட்சி நீதித்துறை நகரத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு வரைபடத்தைத் திருத்தும் பொறுப்பு அலட்டோரே தலைமையிலான குழுவிடம் வந்தது. சாக்ரமெண்டோவில் கற்ற கலை இங்கே கைகொடுத்தது. அதன்வழிப் பிறந்த முதலாம் வட்டத்தில் 1987இல் வென்ற குளோரியா மொலினாவும் கீழவையை விட்டு வந்தவரே. முன்னாள் மாநில மேலவை உறுப்பினர் நேட் ஹோல்டன் 10ஆம் வட்டத்தைப் பிடித்ததும் அதே ஆண்டில்தான்.

2001இல் அலட்டோரே வரி ஏய்ப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டதை எதிர்வாதமாகக் கொணரலாம். அது அவர் நடத்தை பற்றிய செய்தி; 1985இன் தேர்வுக்கு விளக்கமாகாது. மூவரை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்ற கேள்வியும் இங்கே பொருந்தாது. வரம்புதான் வழியைத் திறந்தது என்ற கூற்றை மறுக்க, அதற்கு முன்பே அவ்வழியில் நடந்த ஒருவர் போதும்.

1990க்குப் பின் இவ்வழியில் வந்தவர்கள் பெருகினர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரம்பு அவர்களின் புறப்பாட்டைத் துரிதப்படுத்தியிருக்கலாம். திசையை அது தீர்மானிக்கவில்லை. பால் கிரெகோரியன் 2010இல் நகரமன்றம் வந்தபோது கீழவையில் அவருக்கு இன்னும் காலம் இருந்தது. ரிச்சர்ட் அலார்கோன் 2006 டிசம்பரில் கீழவையில் பதவியேற்றார்; ஆறாண்டு உரிமையும் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியிருக்க, 2007 மார்ச்சில் அதைத் துறந்து நகரமன்றத்தில் அமர்ந்தார்.