வயல்வெளிப் பள்ளியும் பயிர்க்குறை கண்டறியும் பயிற்சியும்

பயிரில் தோன்றும் குறைக்குக் காரணம் கண்டறிவது உழவுத் தொழிலின் கடினமான பகுதி. தம் முடிவு சரியா தவறா என்பது ஒருவருக்கு எப்போது தெரியவருகிறது என்பதைப் பொறுத்தே இதில் தேர்ச்சி அமைகிறது.

நெல்லைத் தாக்கும் புகையான் இதற்குத் தக்க சான்று. மருந்து தெளித்ததும் பூச்சிகள் மடிகின்றன. தாம் செய்தது சரியே என உழவர் நம்புகிறார். ஆனால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் உடன் மடிகின்றன. பயிருக்குள் இடப்பட்ட முட்டைகளோ தப்பிப் பொரிக்கின்றன. சில வாரங்களில் பூச்சி முன்னிலும் பெருகும்போது, மருந்து போதவில்லை என்றெண்ணி மீண்டும் தெளிப்பார். விரைந்து கிடைத்த விடை பொய். உண்மை விடை தாமதமாக வந்ததால் அதை விடையென்றே அவர் அறியவில்லை.

இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989இல் அங்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர் பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடுவர். சிறு குழுக்களாகப் பயிரை ஆராய்ந்து, கண்டதைப் பெரிய தாளில் வரைந்து முடிவு சொல்வர். "இது என்ன பூச்சி?" என்று கேட்டால் பயிற்றுநர் பெயரைச் சொல்வதில்லை, "எங்கே பார்த்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். வலை மூடிய செடியில் சிலந்தியையும் புகையானையும் சேர்த்து விடுவதும் உண்டு. எது எதைத் தின்றது என்பதை அந்தச் செடியே காட்டிவிடும். வகுப்பறையில் விடையை முந்திச் சொல்லிப் பழகியவர்களுக்கு இம்முறை எளிதில் கைவராது.

தமிழகத்தில் 1980களில் நடந்த பயிற்சி-பார்வையிடல் திட்டத்தில் செய்தி பெரும்பாலும் மேலிருந்தே வந்தது. வயல்வெளிப் பள்ளி இந்தியாவில் 1990களில் பரவியது. வேளாண் அறிவியல் நிலையங்கள் அதற்கும் மூத்தவை; நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் அமைந்தது. சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தால் அறியப்படும் பாப்பாரப்பட்டியிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இத்தகைய நிலையம் ஒன்று இயங்குகிறது.

தருமபுரி வட்டார மரவள்ளியில் இப்பயிற்சியின் தேவை நன்கு விளங்கும். 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் தாக்கியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவி அதனை அடக்கியது. 2020இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறு இனம் தென்பட்டது. இரண்டுமே வெண்மாவு பூசியவை; முந்தையதன் உடல் மஞ்சள், பிந்தையதன் உடல் இளஞ்சிவப்பு. பழைய குளவி புதிய பூச்சியைத் தொடாது. அதற்கான வேறொரு குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிடப்பட்டது.