சுண்ணாம்பு ஏற்ற இரு நிறங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எங்கள் வீட்டில் உள் அறைக்கு மட்டும் வாக்குவாதம் நடக்கும். சுண்ணாம்பில் நீலம் கலக்கணும் என்பார் அப்பா. மஞ்சள் காவிதான் என்பார் பாட்டி. மூன்றாவது நிறத்தின் பேச்சே எழாது. அதற்குக் காரணம் சுண்ணாம்பு.

கிளிஞ்சலைச் சுட்டுத் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம். பூவிலும் இலையிலும் எடுக்கும் சாயங்கள் பல அதில் நிற்காது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலமும் அதில் பட்டால் துருப்பழுப்பாகிவிடும்.

காவிக்கு அந்தப் பயமில்லை. அதன் நிறம் மண்ணிலுள்ள இரும்பின் நிறம். காரம் அதைத் தொடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த சோழர் ஓவியங்களைப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் ஏறிய காவி, ஆயிரம் ஆண்டு தாண்டியும் தெளிவாக இருக்கிறது. பாட்டி கேட்டது அந்த மண்ணைத்தான்.

அப்பாவின் நீலம் பிந்தி வந்தது. காரத்தைத் தாங்கும் நல்ல நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைக்கல்லை அரைக்க வேண்டியிருந்தது. அது வீட்டுச் சுவருக்குக் கட்டுப்படியாகுமா? அதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 1824இல் பிரான்சில் 6,000 பிராங்க் பரிசு அறிவித்தார்கள். 1828இல் ழான்-பாப்டிஸ்ட் கிமே அதைப் பெற்றார். களிமண், சோடா, கந்தகம், கரி சேர்த்துச் சுட்ட அந்த நீலப் பொடி மலிவானது. வெளுத்த துணிக்குப் போடும் நீலமாக வீடுகளுக்குள் வந்து, சுண்ணாம்புத் தொட்டியிலும் கலந்தது.

இரண்டுக்கும் வேலை வேறு. சுண்ணாம்பின் லேசான பழுப்பை நீலம் அடக்குவதால் சுவர் கூடுதல் வெண்மையாகத் தெரியும். சிறு ஜன்னல் உள்ள அறையும் பகலில் துலங்கும். ஆனால் விளக்கின் மஞ்சள் ஒளியில் அதே சுவர் மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். காவியோ அந்த ஒளியை ஏற்றுக் கனிந்து நிற்கும்; புகைக்கறையும் எடுத்துத் தெரியாது.

அப்பா அந்த அறையில் பகலில் கணக்கு எழுதினார். பாட்டி இரவில் பேரப்பிள்ளைகளோடு படுத்தார். அவரவர் பார்த்த வெளிச்சத்தை வைத்து இருவரும் சரியாகவே சொன்னார்கள். இன்று கடையில் எத்தனையோ நிற அட்டைகளை விரிக்கிறார்கள். முதலில் அந்த அறையில் எந்நேரம் புழங்குவீர்கள் என்று பாருங்கள். பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.